கைம்மாறு

ஒரு பொருளைச் சேர்ப்பது பற்றியும் துறப்பது பற்றியும் அறநூல்கள் அலுக்காமல் பேசியிருக்கின்றன. விற்பது பற்றி அவை பேசும்போது வியாபாரியைத்தான் மனதில் வைத்துப் பேசுகின்றன. நிறை குறையக் கூடாது, கலப்படம் கூடாது, லாபத்துக்கு ஒரு வரம்பு வேண்டும் என்ற அளவில் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. வியாபாரி அல்லாத ஒருவன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, பிழைப்புக்காகவும் அல்லாமல் லாபத்துக்காகவும் அல்லாமல், வீட்டில் இருந்த ஒன்றை விலைக்குக் கொடுக்கிறான் என்றால் அவன் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வி அநேகமாகக் கேட்கப்படுவதில்லை. துறக்கிறவனுக்கு ஒரு கம்பீரம் உண்டு. சேர்க்கிறவனுக்கு ஒரு பிடிவாதமாவது உண்டு. விற்கிறவன் ஒரு கையால் விட்டுவிட்டு இன்னொரு கையை நீட்டுகிறான். அவனைப் பார்க்க அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கூச்சம் எதனால் என்பதுதான் என் விசாரம்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒரு பழைய டீசல் கார். அற்பமான உதாரணம் என்று படலாம். நிலத்தையோ வீட்டையோ எடுத்துக்கொண்டால் சட்டமும் அழுகையும் உடனே வந்து சூழ்ந்துகொண்டு யோசிக்க விடாது. நகை என்றால் ஒரு வீட்டுப் பெண்களின் சரித்திரம் முழுவதையும் இழுத்துப் போட வேண்டியிருக்கும். புத்தகங்களைச் சொன்னால் இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் எல்லோரும் யோசிக்காமலேயே என் கட்சியில் சேர்ந்துவிடுவார்கள். காருக்காக யாரும் சேரமாட்டார்கள். கார் பற்றி யோசிப்பதே ஒரு வர்க்கத்தின் சொகுசு என்று நம்மிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. பெரும்பாலும் அது நியாயமான எண்ணம்தான்.

1983-ல் என் தகப்பனார் பாளையங்கோட்டையில் வாங்கிய டீசல் அம்பாஸிடர் அது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் செய்தது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வடிவத்தை எடுத்துக்கொண்டு, 1950-களின் இறுதியிலிருந்து 2014 மே மாதம் வரை, முகப்பையும் என்ஜினையும் அவ்வப்போது மாற்றினாலும் உடம்பை அநேகமாக மாற்றாமல் செய்துவந்தார்கள். டீசல் என்ஜினும் பிரிட்டிஷ் வம்சம்தான். 1489 சி.சி., 37 குதிரைசக்தி. பெட்ரோல் என்ஜினைப் போல் இதில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கி அமுக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. குளிர்ந்து கிடக்கும் என்ஜினைக் கிளப்ப ஹீட்டர் போட்டு, உள்ளே கம்பி சிவக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் செல்ஃப் அடிக்க வேண்டும். இன்னொரு விசேஷம், சாவியை எடுத்துவிட்டால் அது நின்றுவிடாது. ஒரு குமிழை வெளியே இழுத்து டீசல் போவதை அடைத்தால்தான் நிற்கும். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்களாம். அந்த வழியில் உலகம் போயிருந்தால் எங்கள் தெருவுக்கு வேறு மணம் இருந்திருக்கும்.

தகப்பனார் வக்கீல். டீசல் வண்டியைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் சிக்கனம். டீசலின் விலையை அரசாங்கம் தாழ்த்தி வைத்திருந்தது பஸ்ஸுக்காகவும் லாரிக்காகவும் வயல்காட்டுப் பம்ப்செட்டுக்காகவும். அந்த நிழலில் சொந்தக் கார்க்காரர்கள் சிலரும் போய் நின்றுகொண்டார்கள். 2014 அக்டோபரில் அந்த விலைக் கட்டுப்பாடு நீங்கும்வரை நின்றார்கள். இதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. என் தகப்பனார் சட்டவிரோதமாக எதையும் செய்கிற சுபாவம் உள்ளவர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டின் 'பழைய காலத்து எளிமை' என்று பின்னால் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில் பம்ப்செட்டுக்காரனின் பங்கும் கொஞ்சம் கலந்திருந்தது என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

தகப்பனார் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. நானும் கற்றுக்கொள்ளவில்லை. தம்பி கற்றுக்கொண்டான், ஆனால் வேறு காரில், வேறு ஊரில். இந்தக் காரை 1983 முதல் 2009 வரை இருபத்தாறு வருஷம் ஓட்டியது ஒரே ஆள். அவரை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். 2006-ல் தகப்பனார் காலமான பிறகும் அம்மாவுக்காக மூன்று வருஷம் ஓட்டினார். பிறகு கண் சரியாக இல்லை என்று அவரே நிறுத்திக்கொண்டார். அதற்கப்புறம் பத்து வருஷம், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பஸ் ஏறி வந்து, ஷெட்டைத் திறந்து, ஹீட்டர் போட்டு, என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரு சாண் முன்னே ஒரு சாண் பின்னே நகர்த்தி வைத்துவிட்டுப் போவார். டயர் ஒரே இடத்தில் அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக. இதற்கு அம்மா தரும் காப்பியையும் பஸ் காசையும் தவிர வேறெதுவும் பேசப்படவில்லை. 2021-ல் அம்மாவும் போன பிறகு கார் எங்கள் மூவருடையது ஆயிற்று: அக்கா, நான், தம்பி. 2023-ல் பதிவைப் புதுப்பிக்கும் தவணை வந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாயிலிருந்து 5000 ஆக்கியிருந்தார்கள். விற்றுவிடலாமா என்ற பேச்சை ஆரம்பித்துவைத்தது இந்த 5000 ரூபாய்தான். பெரிய கேள்விகள் இப்படித்தான் வீட்டுக்குள் வருகின்றன.

பேச்சு வந்தவுடன் மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னோம். 'இத்தனை வருஷம் வைத்திருந்தோமே.' அந்த 'வைத்திருந்தோம்' என்ற சொல் என்னை உறுத்த ஆரம்பித்தது.

கேப்ரியல் மார்ஸல் 1935-ல் வெளியிட்ட இருத்தலும் உடைமையும் பற்றிய நூலில் இந்த உறுத்தலுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஒன்றை உடைமையாகக் கொண்டிருப்பவன் அதனால் விழுங்கப்படுகிறான், பொருளில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறானோ அவ்வளவு அது அவன்மேல் ஏறி உட்காருகிறது என்கிறார். ஆனால் ஒரு விலக்கும் தருகிறார். வயலின்காரனுக்கு அவன் வயலினும் தோட்டக்காரனுக்கு அவன் தோட்டமும் உடைமை என்ற நிலையிலிருந்து இருத்தலுக்குள் கரைந்துவிடுகின்றன. செய்கிறவனுக்கும் பொருளுக்கும் நடுவில் செயல் இருப்பதால் பொருள் அவனை விழுங்குவதில்லை. மார்ஸலின் மத நம்பிக்கை எனக்கு இல்லை. இந்த விலக்கு இல்லாமல் அவருடைய வாதம் வெறும் துறவுப் பிரசங்கமாகப் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

தமிழில் இந்த விஷயம் வேறு மாதிரிச் சிக்கலாகிறது. பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும் உள்ளது போல உடைமையைச் சொல்ல நமக்குத் தனி வினை கிடையாது. 'என்னிடம் ஒரு கார் இருக்கிறது' என்கிறோம். வாக்கியத்தின் எழுவாய் கார். இருப்பது கார், நான் அது இருக்கும் ஓர் இடம், ஒரு திண்ணை மாதிரி. இலக்கணத்தை நம்பினால் நாம் உலகத்திலேயே பற்றற்ற ஜனங்களாக இருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதும் தெரிந்ததே. ஆசை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்தால் இந்த 'வைத்திரு'வில் ஒளிந்திருக்கிறது. கையில் எடுத்து, ஓரிடத்தில் வைத்து, அப்புறம் சும்மா இருப்பது. வைத்தல் ஒரு கணத்துச் செயல். மிச்சமெல்லாம் இருத்தல். எங்கள் குடும்பம் அந்தக் காரோடு கொண்டிருந்த உறவு துல்லியமாக இதுதான். 1983-ல் ஒரு நாள் பணம் கட்டி வைத்தோம். அதன் பிறகு நாற்பது வருஷம், பெரும்பாலும் பின்சீட்டில், இருந்தோம்.

விற்கலாமா, யாருக்கு விற்கலாம் என்று அண்ணாச்சியைக் கேட்கப் போனேன். கேட்கப் போனதில் ஒரு பாவனை கலந்திருந்தது. அவர் கண் கலங்குவார், அந்தக் கலக்கத்தை வைத்து நான் ஒரு தீர்மானத்துக்கு வரலாம் என்பதுபோல. அவர் கலங்கவில்லை. யார் கேட்கிறார்கள், என்ன விலை சொல்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு சொன்னார்: "வச்சிட்டு என்ன செய்யப் போறிய தம்பி? டீசல் பம்பு நல்லா இருக்கு. கியர் பாக்ஸ் நல்லா இருக்கு. டிஃபரன்ஷியலு சத்தம் கிடையாது. பாக்கியெல்லாம் இரும்புதான். உடைக்கவன்கிட்ட குடுத்தா நாலு வண்டி ஓடும்."

நாலு வண்டி ஓடும் என்று அவர் சொன்னதை நான் ரொம்ப நாள் யோசித்தேன். 2014-ல் உற்பத்தி நின்ற பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் பழைய அம்பாஸிடர்கள் பலவும் ஓடாதவற்றிலிருந்து கழற்றியவற்றால்தான் ஓடுகின்றன. பட்டறையில் இது யாருக்கும் ஆச்சரியமான விஷயம் இல்லை. மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் ரதத்தில் வந்து இறங்க, நாகசேனர் என்ற பிக்கு அச்சா ரதம், சக்கரமா ரதம், நுகத்தடியா ரதம் என்று கேட்டுக் கேட்டு, ரதம் என்று தனியே ஒன்று இல்லை என்று அவனை ஒப்புக்கொள்ள வைத்ததாகப் பாலி மொழி நூல் சொல்கிறது. அரசனுக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்கிறது. ரதம் ஓட்டி வந்த சாரதியைக் கேட்டிருந்தால் நாகசேனருக்கு முன்பே அவன் இதைச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. உட்கார்ந்து வந்தவனுக்குத்தான் ரதம் ஒரு முழுப்பொருள்.

இதிலிருந்து, ஓட்டியவருக்குப் பாசம் இல்லை, எங்களுக்கு இருந்தது என்று முடிவு கட்டுவது சுலபம். தம்பி அப்படித்தான் முடிவு கட்டினான்: "அவர் சம்பளத்துக்கு ஓட்டினவரு அண்ணே. அவருக்கு வண்டி, நமக்கு அப்பா." இந்த வாக்கியம் அழகாக இருக்கிறது, அழகாக இருப்பதாலேயே இதை நம்பக் கூடாது. பம்ப் நன்றாக இருக்கிறது, டிஃபரன்ஷியல் சத்தம் போடவில்லை என்பது நாலு வருஷமாக வண்டியைத் தொடாத, பார்வை மங்கிய ஒருவரின் வாயிலிருந்து வருகிற அறிவு. நெகிழ்ச்சி என்று நாங்கள் சொல்லிக்கொண்டதில் இந்த மாதிரி அறிவு ஒரு துளி இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு நிறம், ரெக்ஸின் சீட்டின் ஒரு மணம், திருச்செந்தூர் போகிற வழியில் ஜன்னலில் வந்த காற்று. நெகிழ்ச்சிக்கு அறிவு குறைவாக இருப்பது சௌகரியம் போலிருக்கிறது. எந்தப் போல்ட்டு எப்போது மாற்றியது என்று தெரிந்தவனால் ஒரு வண்டியை நினைவுச்சின்னம் ஆக்க முடியாது. மார்ஸலின் தோட்டக்காரன் தோட்டத்தைப் பற்றிக் கவிதை எழுதுவதில்லை. எழுதுகிறவன் விருந்தாளி. கவிதை எழுதுகிறவர்கள் நிறைந்த பத்திரிகையில் இதைச் சொல்வது கொஞ்சம் வம்புதான்.

மாட்டை விற்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாட்டுச் சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார். விலை மற்றவர் கண்ணில் படக் கூடாது என்பது வியாபாரத் தந்திரமாக ஆரம்பித்திருக்கலாம். எனக்கு அதில் ஒரு வெட்கமும் தெரிகிறது. மாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உழுதவன் செய்கிற காரியம் அது. அந்த மாடு எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்த கைக்குக் கயிறு மிஞ்சுகிறது. காரைப் பொறுத்தவரை எங்கள் கையில் மிஞ்சுவதற்குக் கயிறு என்று ஒன்றும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அது அண்ணாச்சியின் கையில்தான் இருந்திருக்கும்.

அக்கா தரப்பிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். பழைய கார்களை வாங்கிப் புதுப்பித்து வைக்கிறவர். நாகரிகமான, விஷயம் தெரிந்த மனிதர். காரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: இந்த ஹாரன் அசல் இல்லை, இந்தக் கண்ணாடி அசல் இல்லை, இந்தப் பெயிண்ட் அசல் இல்லை, சீட்டு உறை அசல் இல்லை. என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனதில் அவர் முகம் மலர்ந்தது. எல்லாவற்றையும் 1983-ல் இருந்தபடி ஆக்கிவிடுவேன் சார் என்றார். அவருக்கு ஒரு கணக்கும் இருந்தது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவத்தில் இருக்கும் வாகனத்துக்குப் பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவு கிடைக்கும். அன்றாட உபயோகத்துக்கு அதைச் சாலையில் எடுக்கக் கூடாது. 2033 வரை அவர் காத்திருக்கத் தயார்.

எனக்கு அவர்மேல் விரோதம் எதுவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன 'அசல்' எது? ஹாப்ஸ் 1655-ல் ஒரு பழைய கிரேக்கப் புதிரை இன்னும் கொஞ்சம் முறுக்கிக் கேட்டார்: கப்பலின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால், எது அந்தக் கப்பல்? தத்துவ வகுப்புகளில் இதைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்துவிட்டார்கள். எங்கள் ஷெட்டில் அதற்குப் புது உயிர் வந்தது. சேகரிப்பாளர் கட்டப்போவது உத்தரபாராவிலிருந்து வந்திறங்கிய நாளின் கார். அந்த நாளில் அதற்கு எங்களைத் தெரியாது. 1991-ல் ஏர்வாடிப் பக்கம் ஒரு பாலத்தில் உரசியதால் அண்ணாச்சி நின்று டிங்கரிங் பார்த்த இடது கதவு, அம்மாவுக்கு வெயில் படாமல் இருக்க மாற்றிய கண்ணாடி, இரண்டு தடவை என்ஜின் இறக்கி ஸ்லீவ் போட்டது, எல்லாமே அவருக்குக் கறை. துடைத்தால்தான் அசல் வெளிவரும். எங்களுடைய நாற்பது வருஷத்தைக் கழித்துவிட்டுக் காரை வாங்குகிறார் என்றால் பரவாயில்லை. அவர் அதையும் கழிக்கவில்லை. 'ஒரே குடும்பத்தில் இருந்த வண்டி' என்பதற்குத் தனி விலை உண்டு சார் என்றார். தகப்பனார் காருக்குப் பக்கத்தில் நிற்கும் போட்டோ இருந்தால் கொடுங்கள், வாங்கியபோது தந்த ரசீது இருந்தால் கொடுங்கள் என்றார். எங்கள் காலத்தைக் காரிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டு அதையே ஒரு சட்டத்துக்குள் போட்டுப் பக்கத்தில் மாட்டிவைப்பார். நெகிழ்ச்சிக்குச் சந்தையில் விலை வந்துவிட்டது; விற்கிறவன் பெருமூச்சு விட்டால் அதையும் பில்லில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயமும் இருந்தது. உண்மையில் அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும், கடைசியில்தான் வந்தது. டீசல் புகை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-ல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சந்தேகித்தது. 2012 ஜூனில் சந்தேகத்தைக் கைவிட்டு, உண்டாக்குகிறது என்ற முதல் தொகுதியில் சேர்த்தது. 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் தில்லியில் ஓடக் கூடாது என்றது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அப்போது என்ன நடந்தது? உடைபட்டவை போக மிச்சத்தில் கணிசமானவை ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழோடு வேறு மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. தில்லிக்காரரின் மனசாட்சி சுத்தமாயிற்று. புகை வேறொரு ஊரில், அந்தச் சான்றிதழைப் பார்த்திராத ஒருவருடைய நெஞ்சுக்குள் போயிற்று. விற்பதன் விபரீதம் இதில் இருக்கிறது. ஒரு பொருள் கெடுதல் செய்கிறது என்று எனக்குத் தெரிந்து நான் அதை விற்றால், கெடுதலின் மேல் இருந்த என் பெயர் மட்டும் அழிகிறது. கெடுதல் ஓடிக்கொண்டிருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் ஓடும் என்ஜின் மாதிரி.

இந்த நோக்கில் பார்த்தால் காரை ஆசையோடு ஓட்டப்போகிறவனுக்குக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான காரியம் ஆகிறது. நெகிழ்ச்சி அதைத்தான் சிபாரிசு செய்யும்: பாவம், ஓடட்டும், நல்ல கையில் போய்ச் சேரட்டும். சேகரிப்பாளர் அநேகமாக ஓட்டாமல் வைப்பார், அந்த மட்டில் அவரால் யாருக்கும் இருமல் வராது. உடைக்கிறவன் இந்த ஒரு புகையை நிறுத்துவான், ஆனால் நாலு புகைக்கு ஆயுள் கொடுப்பான். மூன்று வழியிலும் கை முழுக்கச் சுத்தமாக வெளியே வரவில்லை.

உடைக்கக் கொடுப்பது என்றதும் தம்பி சொன்னது: "அடிமாட்டு விலைக்கா குடுக்கப் போறே?" அடிமாட்டு விலை என்ற சொல்லை நாம் விலை மலிவு என்ற அர்த்தத்தில் சாதாரணமாகப் புழங்குகிறோம். வெட்டுக்குப் போகிற மாட்டுக்குக் கிடைக்கும் விலை என்ற அதன் மூலத்தில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. வேலை செய்யாத உயிருக்கு எடை மட்டும்தான் மிச்சம் என்கிற தீர்ப்பு. அதைச் சொல்கிறவன் தன்னை அந்தக் குற்றத்திலிருந்து விலக்கிக்கொள்ளவும் செய்கிறான். ஆனால் கார் மாடு அல்ல. அதற்கு வலிக்காது. வலிக்காத ஒன்றின் மேல் இவ்வளவு கருணையைக் கொட்டுகிறோம் என்றால் அந்தக் கருணை வேறு யாருக்கோ சேர வேண்டியதாக இருக்கும், விலாசம் மாறி இங்கே வந்திருக்கும் என்ற சந்தேகம் எனக்கு வலுத்தது. யாருக்குச் சேர வேண்டியது என்று யோசித்தால், தகப்பனாருக்குக் கொஞ்சம். அவர் இப்போது வாங்கிக்கொள்ள முடியாது. பெயர் தெரியாத சில நெஞ்சுகளுக்குக் கொஞ்சம். அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை. உயிரோடு, பஸ் ஏறிப் போனால் பார்க்கிற தூரத்தில், ஒருவர் இருந்தார்.

மூவரில் இருவர் சேகரிப்பாளருக்கே கொடுக்கலாம் என்றார்கள். உடைக்கிறவன் சொன்ன விலையைப் போல அநேகமாக நான்கு மடங்கு அவர் தருவதாக இருந்தார். உடைக்கத்தான் கொடுக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. "ஒன் தத்துவத்துக்கு என் பங்கு எதுக்கு அண்ணே நட்டப்படணும்?" என்று தம்பி கேட்டதில் நியாயம் இருந்தது. தன் மனசாட்சிக்கு அடுத்தவன் பணத்தில் விலை கொடுப்பதும் ஒரு சொகுசுதான். போட்டோவைத் தர வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அக்கா ஒரு பிரதி எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டாள். அதுவும் சரி, அவளுக்கும் அவர் தகப்பனார்.

நான் வாதாடியது வேறு ஒன்றுக்காக. பணத்தை மூன்றாகப் பிரிக்காமல் நாலாகப் பிரிக்க வேண்டும் என்றேன். அண்ணாச்சிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. எந்தப் பெயரில் கொடுப்பது என்பதில்தான் தகராறு. தம்பி அன்பளிப்பு என்றான். அன்பளிப்பு என்றால் தொகையைக் கொடுக்கிறவன் நிர்ணயிக்கிறான், வாங்குகிறவன் கும்பிடுகிறான். நான் பங்கு என்றேன். சம்பளம்தான் கொடுத்தாகிவிட்டதே, பங்கு எங்கிருந்து வந்தது என்றான். சம்பளம் கணக்கை முடித்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1983-ல் விலை கொடுத்ததோடு எங்கள் கணக்கும் முடிந்துவிட்டது. இன்று வருகிற இந்த உபரி யாருடையது? நாற்பது வருஷத்துக் கார் செல்ஃப் எடுக்கிறது, எண்கள் அசலாக இருக்கின்றன, அடித்தளத்தில் துரு இல்லை என்பதற்குத்தானே சேகரிப்பாளர் பணம் தருகிறார்? அந்தத் துரு இல்லாமையை யார் செய்தது? இதை மார்க்ஸியர்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அவர்களுடைய வாக்கியம் சரியானதுதான். அதில் பத்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. அவற்றுக்குச் சம்பளம் இருக்கவில்லை. அவற்றைப் பாசம் என்று சொல்வதை அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். டயர் அமுங்கிவிடும் தம்பி என்றுதான் சொல்வார்.

கைமாறு என்றால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது. ஒரு மெய்யெழுத்தை நடுவில் சேர்த்தால் பட்ட உதவிக்குத் திருப்பிச் செய்வது. இரண்டுக்கும் நடுவில் மொழி ஓர் ஒற்றெழுத்துத் தூரம்தான் விட்டிருக்கிறது. போக்குவரத்து அலுவலகம் அதைவிடக் கறாரானது. உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. விற்றால் படிவம் 29, படிவம் 30. பிறப்பாலும் விலையாலும் வருகிற உறவுகளுக்கு இவற்றில் கட்டம் கட்டி இடம் விட்டிருக்கிறார்கள். ஓட்டியவர் என்று எழுத எதிலும் ஒரு வரி கிடையாது. முதலில் 31-ஐப் பூர்த்திசெய்து, மூன்று பேரின் சம்மதத்தோடு என் பெயருக்கு மாற்றி, பிறகு 29-லும் 30-லும் நான் கையெழுத்துப் போட்டேன். நாற்பது வருஷத்தில் அந்தக் காருக்காக நான் செய்த வேலை அந்தக் கையெழுத்துகள்தான்.

கடைசியில் தம்பி நாலாகப் பிரிக்கச் சம்மதித்தான். பெயர் விஷயத்தில் சம்மதிக்கவில்லை. அக்கா, "ஏதோ ஒரு பேர்ல குடுங்கல, முதல்ல குடுங்க" என்றாள். கவரின் மேல் எதுவும் எழுதாமல் எடுத்துக்கொண்டு போனேன்.

அண்ணாச்சி கவரைப் பிரித்து, நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். எதற்கு என்று கேட்கவில்லை. கும்பிடவும் இல்லை. மொத்தம் எவ்வளவுக்குப் போயிற்று என்று கேட்டார். சொன்னேன். நாலால் வகுத்துப் பார்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"பம்பு நல்லா இருக்குன்னு சொன்னியளா?"

"சொன்னேன் அண்ணாச்சி."

"மூணாவது நாசிலு லேசா ஒழுகும். அதையும் சொல்லிருங்க. வாங்குதவன் அறியாம இருக்கக் கூடாது."

அன்று ராத்திரியே சேகரிப்பாளருக்கு ஃபோன் செய்து சொன்னேன். பரவாயில்லை சார், எப்படியும் எல்லாவற்றையும் மாற்றத்தானே போகிறேன் என்றார்.